ஒற்றைச் சொல்லோடு வரும் வாசகர்

தாமிரபரணிப் பாசனத்தில் கார் என்பது, ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்து நட்டு, செப்டம்பர் வாக்கில் அறுக்கும் நெல் பருவம். அடுத்து வருவது பிசானம். திருநெல்வேலி டவுண் வாகையடி முனையில் நின்று, இந்த வருடம் கார் எப்படி என்று கேட்டால், வயதான விவசாயி விளைச்சலைச் சொல்வார். அவருடைய பேரன் மைலேஜைச் சொல்வான். கேட்டவர் யார், எந்த மாதத்தில் கேட்டார், யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் தருகின்றன.

அதே சொல்லை மேசைக் கணினியின் தேடல் பெட்டியில் இட்டால் நிலைமை வேறு. தாமிரபரணிப் பாசனம் பற்றி என் மாணவர்கள் செய்த ஆய்வேடுகளும், கால்வாய் வாரியான சாகுபடி அட்டவணைகளும், வீட்டுக் காகிதங்களும் என் கணினியில் ஒன்றாக இருக்கின்றன. கார் என்று தட்டினால் முதலில் வருவது வாகனக் காப்பீட்டுப் பத்திரம். அடுத்து கார்த்திகை தீப வாழ்த்து. அதற்கடுத்து வங்கியின் ஏ.டி.எம். கார்டு பற்றிய கடிதம். சாகுபடி அட்டவணை எங்கோ அடியில் கிடக்கிறது. கால் என்று தேடினாலும் இதே கதிதான். இந்த வட்டாரத்தில் கால் என்றால் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்: கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால். கணினிக்கோ அது உடலுறுப்பு, நான்கில் ஒரு பங்கு.

நீளமாகக் கேட்டால் இந்தத் தொல்லை குறையும் என்பது உண்மையே. ஆனால் பெரும்பாலோர் அப்படிக் கேட்பதில்லை. தேடுகிறவர் தனக்கு வேண்டியதை முழுமையாக விவரிக்க முடிந்தவராக இருந்தால், அநேகமாக அது இருக்கும் இடமும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒற்றைச் சொல்லோடு வருகிறவர்தான் உதவி அதிகம் தேவைப்படுகிறவர். கணினித் தேடல் பிறப்பதற்கு வெகுமுன்பே இந்த மனிதரை மையத்தில் வைத்துச் சிந்தித்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஆகஸ்ட் 12 அன்று, தேசிய நூலகர் நாள் என்று சொல்லி அவருடைய படத்துக்கு மாலையிடுகிறோம். நூலகத் தந்தை என்ற பட்டமும் கொடுத்துவிட்டோம். அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார் என்பது மட்டும் மாலைக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். இளமையில் திக்குவாய் இருந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியரிடம் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோவையிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். கணித மேதை ராமானுஜனைப் பற்றி 1967-இல் ஒரு நூல் எழுதும் அளவுக்கு அந்தத் துறையின் மீது அவருக்குக் கடைசி வரை பற்று இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்ததாகச் சொல்லப்படுகிறது. நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. ரங்கநாதனுக்கும் அந்தத் துறையில் இருந்த அறிவு, நேர்காணலுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை அளவுதான். கணித ஆய்வுக் கட்டுரைகள் சில எழுதியிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. 1924 ஜனவரியில் பதவியேற்றார்.

சில வாரங்களிலேயே அவருக்கு அந்த வேலை சலித்துவிட்டது. வகுப்பறையின் ஆரவாரத்துக்குப் பழகிய மனிதருக்கு, யாரும் வராத அறையில் புத்தக அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது சிறைவாசமாகத் தோன்றியது. பழைய வேலையையே திரும்பத் தருமாறு கேட்டுப் போனார். லண்டன் சென்று நூலகவியல் படித்துவிட்டு வரட்டும், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று முடிவாயிற்று. ஊழியர் ஒருவரின் மனக்குறையை இவ்வளவு பொறுமையாகக் கையாண்ட நிர்வாகத்தை இன்று காண்பது அரிது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் நூற்பகுப்பு முறையைப் பயின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அப்போது உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு. அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெரும் அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையையும் மேலும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகும் முறை அது. ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே ஒதுக்கிய ஓர் அறை உண்டு. இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்துப் பேசும் நூல் வந்தால் எங்கே வைப்பது என்பதுதான் திண்டாட்டம்.

விடை ஒரு கடையில் கிடைத்ததாகச் சொல்வார்கள். செல்ஃப்ரிட்ஜஸ் என்ற அங்காடியில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். துளையிட்ட சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றைக் கொண்டே பாலமும் செய்யலாம், பாரந்தூக்கியும் செய்யலாம். நூலுக்கு அறை ஒதுக்குவதை விட்டுவிட்டு, அதன் பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு நூலுக்கும் அந்தக் கூறுகளைத் திருகிச் சேர்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. திருகாணியின் இடத்தில் முக்காற்புள்ளியை வைத்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன். ஆகவே அவர் 1933-இல் வெளியிட்ட முறைக்குக் கோலன் பகுப்பு என்று பெயர் வந்தது. 1925-இல் தாயகம் திரும்பிய கப்பலிலேயே, அங்கிருந்த சிறு நூலகத்தில் தன் முறையைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டார். கணித வேலையைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

எந்த நூலின் பொருளையும் ஐந்து அடிப்படைக் கூறுகளாகப் பகுக்கலாம் என்ற முடிவுக்குப் பிற்காலத்தில் அவர் வந்தார். பேசப்படும் முதன்மையான பொருள், அதன் மூலப்பொருள் அல்லது பண்பு, அதில் நிகழும் செயல், இடம், காலம். நம் இலக்கணத்தில் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பகுத்திருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அங்கிருந்துதான் அவர் எடுத்தார் என்று வாதிட வரவில்லை. தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு ரங்கநாதன் அந்நியமாகத் தோன்றமாட்டார் என்ற அளவில் சொல்கிறேன்.

என் அட்டவணைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். துறை வேளாண்மை, பொருள் நெல், செயல் சாகுபடி, இடம் நெல்லைக் கால்வாய்ப் பாசனம், காலம் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் கார் பருவம். இவ்வளவும் அந்தக் கோப்போடு எழுதி வைக்கப்பட்டிருந்தால், கார் என்ற ஒரு சொல் போதும். அது இங்கே காலத்தைக் குறிக்கும் கூறு. காப்பீட்டுப் பத்திரத்தில் அது பொருளைக் குறிக்கும் கூறு. இயந்திரம் இரண்டையும் தனித்தனிக் குவியலாக்கி, இதுவா அதுவா என்று நம்மிடம் கேட்க முடியும். இன்று இணைய அங்காடிகளில் சேலை தேடும்போது பக்கவாட்டில் துணிவகை, நிறம், விலை என்று வடிகட்டிகள் வருகின்றனவே, அவை இந்தக் கூற்றுப்பகுப்பின் வழித்தோன்றல்கள். 1950-களில் லண்டனில் கூடிய நூற்பகுப்பு ஆய்வுக் குழுவினர் ரங்கநாதனிடமிருந்து எடுத்து வளர்த்த கருத்து, கணினி உலகுக்கு இப்படி வந்து சேர்ந்தது.

குறுகிய வினாவுக்கு அவர் செய்த இன்னொரு ஏற்பாடு சங்கிலிச் சுட்டு முறை. அகரவரிசைச் சுட்டில் ஒரு சொல்லைத் தனியே விடாமல், அது தொங்கும் சங்கிலியையும் அருகிலேயே காட்டுவது. கார், நெற்பருவம், வேளாண்மை என்று ஒரு வரி. கார், மோட்டார் வாகனம், போக்குவரத்து என்று அடுத்த வரி. வாசகர் ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்தார். சுட்டு அவருக்கு முழு வினாவையும் எழுதிக் காட்டிவிடுகிறது. பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1950-இல் தொடங்கியபோது இந்த முறையையே கைக்கொண்டது.

முடிவுகளை எந்த வரிசையில் காட்டுவது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. வாசகர் அலமாரியின் முன் நிற்கிறார். அவர் தேடும் பொருளுக்கு நேரான நூல்கள் நடுவில் இருக்க வேண்டும். இருபுறமும் ஓரளவு தொடர்புடையவை, அதற்கப்பால் தொடர்பற்றவை. கிரகண காலத்துக் கருநிழல், புறநிழல் போல இதை அவர் விளக்கினார். தேடல் துறையினர் இன்று பொருத்தம் என்று சொல்லி மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதன் மர வடிவம் அந்த அலமாரி.

இவ்வளவுக்கும் மேல் மனிதர் ஒருவர் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1940-இல் நோக்கீட்டுப் பணி பற்றித் தனி நூலே எழுதினார். வாசகர் முதலில் கேட்பது அநேகமாக அவருக்கு வேண்டியதாக இராது; பேச்சுக் கொடுத்து, எதற்காகத் தேடுகிறார் என்று அறிந்த பிறகே உண்மையான வினா வெளிப்படும் என்பது அவர் கண்ட அனுபவம். திக்குவாயால் துன்பப்பட்ட ஒருவர், பிறர் சொல்லத் தடுமாறுவதை இவ்வளவு பொறுமையாகக் கவனித்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1931-இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவதுதான், பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது. வாசகரின் நேரம் மிச்சப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை ஜார்ஜ் ஸ்டிக்லர் பொருளாதாரத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தது 1961-இல். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ரங்கநாதன் அந்தச் செலவைக் கண்டது மட்டுமன்றி, அதை யார் ஏற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நூலகர் ஒரு நூலை விவரிக்க அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் நூறு வாசகருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சினால், 30 நிமிடச் செலவில் 500 நிமிட வரவு. தேடுகிறவர்தான் தன் வினாவைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிற இன்றைய மென்பொருள் மனோபாவம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது.

உழைப்பு விஷயத்தில் அவர் தனக்கு வைத்த அளவுகோல் கடுமையானது. சென்னையில் இருபது ஆண்டுகளில் விடுமுறையே எடுத்ததில்லை என்பார்கள். 1928-இல் முதல் மனைவி ருக்மிணி விபத்தில் மறைந்தார். மறு ஆண்டு சாரதாவை மணந்தபோது, திருமண நாளன்றே பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டதாகச் சொல்வதுண்டு. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் சாரதா அம்மையாரின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை யோசிக்கலாம். 1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, அங்கிருந்த சுமார் ஒரு லட்சம் நூல்களைப் பெரும்பாலும் தனியொருவராகவே பகுத்து முடித்தார். பிறகு தில்லி, ஜூரிச். 1962-இல் பெங்களூரில், மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆதரவில், ஆவண ஆய்வுக்கும் பயிற்சிக்குமான மையத்தைத் தொடங்கினார். வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை மனைவியின் பெயரில் நிறுவச் செய்தார்.

அவர் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு நாம் நூலக வரி செலுத்துவது அதன் விளைவு.

கோலன் பகுப்பு உலகை வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அதன் குறியீடுகள் கடினமானவை. பதிப்புக்குப் பதிப்பு மாறின. வேலைப் பளுவில் இருந்த நூலகர்கள் எளிய டூயி முறையையே விரும்பினார்கள். அந்த முறையைச் செயல்படுத்தப் போதுமான ஆட்களை எந்த அரசும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் காலமானது 1972 செப்டம்பர் 27. அதே ஆண்டில், இங்கிலாந்தின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும், சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு அதிக மதிப்பும் தர வேண்டும் என்பது அதன் கருத்து. தேடுபொறிகள் பல பதிற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் அடித்தளங்களுள் அது ஒன்று. ஆனால் வினாவில் ஒரே சொல்தான் இருக்கிறது என்றால் அந்தக் கணக்கு பயன்படாது. கார் என்ற சொல்லின் அருமை, அது இடம்பெறும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒன்றேதான். வரிசை சற்றும் மாறாது. எஞ்சுவது, சொல் எத்தனை முறை வருகிறது, கோப்பு எவ்வளவு நீளம் என்பவை மட்டும். வாகனக் காப்பீட்டுப் பத்திரம் முதலிடம் பிடித்த மர்மம் இதுதான்.

இணையத் தேடலுக்கு வேறொரு துணை உண்டு: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கு. சொந்தக் கணினியில் இருக்கும் கோப்பை யாரும் சுட்டுவதில்லை. ஆகவே கோப்பின் பெயரிலும் கோப்புறையின் பெயரிலும் வரும் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு, அண்மையில் திறந்ததற்கு முன்னுரிமை, அடிக்கடி திறப்பதற்கு முன்னுரிமை என்று மென்பொருளாளர்கள் சமாளிக்கிறார்கள். இவை பயனுள்ளவையே. என்றாலும், பத்தாண்டுகளாகத் திறக்காத ஆவணத்தைத் தேடும் நாளில்தானே தேடல் உண்மையில் தேவைப்படுகிறது?

தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ஆறு என்று தேடினால் ஆற்றில், ஆற்றை என்பவை சிக்கமாட்டா; எண் ஆறு சிக்கும். குளம் என்பதற்குக் குளத்தில் அகப்படாது. தொடக்கம் ஒத்திருந்தால் போதும் என்று விட்டால் கார்த்திகை வெள்ளமாக வந்துவிடும். விடாவிட்டால் கார்ப்பருவம் விடுபட்டுப் போகும். சொல்லை அதன் வேரோடு பிரித்தறியும் இலக்கண அறிவை இயந்திரத்துக்கு ஊட்டினாலன்றி இது தீராது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் வேறு இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை பொருளற்ற எழுத்துக் கூட்டம். படமாக வருடிய பக்கங்களோ அதற்கு வெறும் படங்கள்.

இது என் ஒருவனுடைய கணினியோடு நிற்கும் விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயர் காலத்துக்கு முந்தியவை. சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுண் வழியாக வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. எந்த மடைக்கு எத்தனை நாள் தண்ணீர், யாருக்கு முன்னுரிமை என்ற தகராறுகளில் பழைய மாமூலைக் காட்டும் ஆவணமே சான்று. இத்தகைய ஆவணங்களைப் பல அலுவலகங்களிலும் இப்போது கணினியில் ஏற்றுகிறார்கள். பக்கங்களின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கிறார்கள். ஏற்றும்போதே ஒவ்வொன்றோடும் அணைக்கட்டின் பெயர், காலின் பெயர், மடை, பருவம், ஆண்டு என்று ஐந்து குறிப்புகளைச் சேர்க்க எழுத்தர் ஒருவருக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒப்பந்தத்தில் இடமும் கூலியும் ஒதுக்க வேண்டும். குறிப்பில்லாத பக்கத்தை முடிந்த வேலையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. கடைமடை விவசாயி அந்த அலுவலகத்துக்கு வரும்போது அவரிடம் இருக்கப்போவது பெரும்பாலும் தன் காலின் பெயர் மட்டும்தான்.